கருவிலுள்ள குழந்தையும் ஒரு சான்றுச் சீட்டும்

சான்று என்னும் சொல் தமிழில் இருவகையாக வழங்குகின்றது. ஒருவர் தாம் கண்டதையும் நம்புவதையும் பிறர்முன் உரைத்து, அதற்குத் தாமே பொறுப்பேற்று நிற்பது சான்று. அலுவலகத்தில் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தரும் தாளும் சான்றே. ஜெர்மன் மொழியிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. 'ட்ஸோய்க்னிஸ்' என்னும் அவர்கள் சொல், சமயத்துறையில் சாட்சியத்தையும் பள்ளியில் மதிப்பெண் பத்திரத்தையும் ஒருங்கே குறிக்கும். அலுவலகச் சீட்டுக்கு மற்றொரு சொல் உண்டு, அது 'ஷைன்'. அச்சொல்லுக்கு ஒளி என்றும் வெறுந்தோற்றம் என்றும் பொருள்கள் உள. 1993 முதல் 2002 வரை ஜெர்மனிக் கத்தோலிக்கர் தமக்குள் நடத்திய கடுமையான சொற்போர், இவ்விரு சொற்களுக்கும் இடையே நடந்தது எனலாம்.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையை எவ்வாறு காப்பது என்பதே அச்சொற்போரின் பொருள். காக்க வேண்டுமா, வேண்டாவா என்பதில் அவர்களுக்குள் வழக்கில்லை. அதில் இரு சாராரும் ஒரே கருத்தினர். காப்பதற்காக நீளும் கை எந்தத் தாளைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதே வழக்கு. கத்தோலிக்க அறநூல் எவ்வாறு சிந்திக்கின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. ஏனெனில், இங்கே கொள்கை ஏட்டளவில் நில்லாமல், ஒரு சிற்றறையில் மேசையின் இருபுறமும் அமர்ந்திருக்கும் இரு பெண்களுக்கு நடுவே வந்து நிற்கின்றது.

கொள்கையை முதலில் சுருங்கச் சொல்லிவிடுவோம். கருவுற்ற நேரந்தொட்டு மனித உயிரை மனித உயிராகவே மதிக்க வேண்டும். குற்றமற்ற உயிரை வேண்டுமென்றே அழித்தல் எந்த நன்மையை நாடியும் ஆகாது என்பது திருச்சபையின் போதனை. மிகப் பழைய கிறிஸ்தவ நூல்களுள் ஒன்றாகிய 'திதாக்கே'யிலேயே கருவைக் கலைத்தல் விலக்கப்பட்டுள்ளது. இடைக்காலத்தில் உயிர் எப்போது உடலிற் புகுகின்றது என்னும் ஆராய்ச்சி எழுந்தது. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய தாமஸ் அக்குவினாஸ், பகுத்தறியும் ஆன்மா சில காலம் கழித்தே கருவிற் பொருந்துகின்றது என்று கருதினார். ஆயினும் அதற்கு முற்பட்ட கருக்கலைப்பையும் அவர் பாவமென்றே கொண்டார். கொலை என்னும் பெயரை மட்டும் அதற்கு இடவில்லை. 1869இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர், ஆன்மா புகுந்த கரு, புகாத கரு என்னும் வேறுபாட்டைத் திருச்சபைத் தண்டனையிலிருந்து நீக்கினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1995இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் எழுதிய 'உயிரின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலும் அதே போதனையை மீண்டும் வலியுறுத்தின. (தமிழ்க் கத்தோலிக்க ஏடுகள் இப்பாப்பரசரை அருள் சின்னப்பர் என்று எழுதிவந்தன.) அம்மடலில் கண்டனம் மட்டுமே இருப்பதாக எண்ணுவோர் பலர். கருவுற்றுத் தவிக்கும் பெண்களுக்கு உதவும் நிலையங்கள் வேண்டும் என்றும் அது சொல்லுகின்றது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களோடு கனிந்து பேசும் பகுதியும் அதில் உண்டு.

இனி ஜெர்மனியின் சட்டத்திற்கு வருவோம். 1871ஆம் ஆண்டுத் தண்டச் சட்டத்தின் 218ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. அக்காலச் சட்டமொழி வயிற்றில் இருப்பதைக் 'கனி' என்று குறித்தது. நம் விவிலியத் தமிழிலும் 'கர்ப்பக்கனி' உண்டு. இக்காலச் சட்டம் 'பிறவாத உயிர்' என்கின்றது. பழைய ஜெர்மன் பேச்சு வழக்கில் கருவுற்றவள் 'நல்ல நம்பிக்கையோடு இருப்பவள்'. நம் பெண்கள் எந்தச் சட்டமும் படியாமலே 'பிள்ளைத்தாய்ச்சி' என்று சொல்லிவிட்டனர். பிள்ளை பிறக்குமுன்னரே பிள்ளையும் தாயும் அச்சொல்லில் ஒன்றாக அமர்ந்துவிட்டதைத் தமிழாசிரியர்கள் கவனிக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு இரண்டாயிற்று, சட்டமும் இரண்டாயிற்று. கிழக்கு ஜெர்மனி 1972இல் முதல் 12 வாரங்களுக்குள் கருக்கலைப்பைப் பெண்ணின் முடிவுக்கே விட்டது. எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறுவதே வழக்கமாயிருந்த அந்த நாட்டுப் பேரவையில், அன்று 14 உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தனர். அத்தகைய காட்சி அங்கு வேறு காணக் கிடையாதது. மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றமும் 1974இல் 12 வாரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆனால் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள அரசமைப்பு நீதிமன்றம் 1975 பிப்ரவரி 25இல் அதனைத் தள்ளுபடி செய்தது. ஒவ்வொருவருக்கும் வாழும் உரிமை உண்டு என்று அடிப்படைச் சட்டம் கூறுகின்றது. அந்த 'ஒவ்வொருவர்' என்னும் சொல்லுள் பிறவாத குழந்தையும் அடங்கும் என்று நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். ஒரு சாதாரணச் சொல்லின் பொருளெல்லையைப் பற்றிய தீர்ப்பு ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. நாஜி ஆட்சியில் எவ்வுயிர் வாழத் தக்கது என்று அரசே கணக்கிட்ட கொடுமையின் நினைவு அத்தீர்ப்பின் பின்னணியில் இருந்தது.

1990இல் நாடு ஒன்றானபின் இரு சட்டங்களையும் இணைக்க வேண்டியதாயிற்று. 1992இல் ஒரு சட்டம் வந்தது. 1993 மே 28இல் அதன் முக்கியப் பகுதியை அதே நீதிமன்றம் நீக்கியது. ஆனால் இம்முறை நீதிமன்றம் ஒரு புதிய வழியையும் காட்டியது. கருவுற்ற தொடக்கக் காலத்தில் குழந்தை இருப்பதே தாய்க்கு மட்டுந்தான் தெரியும். ஆகவே தாயைப் பகைத்துக்கொண்டு குழந்தையைக் காக்க அரசால் இயலாது, தாயைத் துணைக்கொண்டே காக்க இயலும் என்பது அதன் கருத்து. தண்டனைக்குப் பதிலாக ஆலோசனை என்னும் முறை இதிலிருந்து பிறந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைநாட்டியது.

அச்சட்டத்தின் அமைப்பு விசித்திரமானது. கருக்கலைப்பு சட்டத்திற்கு மாறானது. ஆனால் மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் தண்டனை இல்லை. கருவுற்ற 12 வாரங்களுக்குள் நடைபெற வேண்டும். மருத்துவரே செய்ய வேண்டும். குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்னர், அரசின் ஒப்புதல் பெற்ற ஆலோசனை நிலையத்தில் அப்பெண் ஆலோசனை பெற்று, அதற்கான சான்றுச் சீட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாயின் உயிருக்கோ உடல்நலத்திற்கோ பேராபத்து உள்ளபோதும், பலாத்காரத்தால் கருவுற்றபோதும் உள்ள விதிகள் வேறு. அவை இங்கு நமக்கு வேண்டுவன அல்ல. தவறென்று சொல்லித் தண்டியாமல் விடும் இச்சட்டத்தைக் கேலி செய்தோர் இரு பக்கத்திலும் இருந்தனர். அறநூலும் தண்டநூலும் ஒன்றல்ல என்பதை அறிந்தவர்க்கு அதில் அவ்வளவு வியப்பில்லை.

வியப்பெல்லாம் ஆலோசனை அறையில்தான் இருந்தது. ஆலோசனை பிறவாத உயிரைக் காப்பதற்காக நடைபெற வேண்டும் என்கின்றது சட்டம். முடிவு இன்னதாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டி வரையறுக்காமல், கட்டாயப்படுத்தாமல், குற்றம் சாட்டாமல் நடைபெற வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. பெண் தன் காரணத்தைச் சொல்லுவாள் என்று எதிர்பார்க்கலாம். சொல்லும்படி வற்புறுத்த முடியாது. விரும்பினால் பெயர் கூறாமலும் ஆலோசனை பெறலாம். கட்டணம் இல்லை. பேச்சு முடிந்ததும் அவள் கேட்டால் பெயரும் தேதியும் இட்ட சீட்டைக் கொடுத்தாக வேண்டும். அச்சீட்டில் ஆலோசனை நடந்தது என்பதைத் தவிர வேறொன்றும் இராது. அவள் அதைக் கிழித்தெறிந்துவிட்டுத் தொட்டில் வாங்கவும் போகலாம், மருத்துவமனைக்கும் போகலாம்.

அந்நாளில் ஜெர்மனியில் கத்தோலிக்க ஆலோசனை நிலையங்கள் சுமார் 270 இருந்தன. பெரும்பாலானவற்றைக் காரித்தாஸ் சங்கமும் கத்தோலிக்கப் பெண்கள் சமூகப் பணிச் சங்கமும் நடத்தின. பின்னது 1899இல் டோர்ட்மண்ட் நகரில் ஆக்னஸ் நொய்ஹௌஸ் அம்மையார் தொடங்கியது. கைவிடப்பட்ட பெண்களுக்கும் மணமாகாத தாய்மார்க்கும் நீண்டகாலமாகத் தொண்டாற்றி வந்தது. இவ்வாலோசனை நிலையங்களுக்கு ஆண்டுதோறும் சுமார் 20,000 பெண்கள் கருக்கலைப்பைப் பற்றிய மனப்போராட்டத்தோடு வந்தனர் என்றும், அவர்களுள் சுமார் 5,000 பேர் குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவு செய்தனர் என்றும் அந்நிலையங்களை ஆதரித்தோர் எடுத்துக்காட்டினர். எஞ்சியோர் பலர் அந்நிலையங்கள் தந்த சீட்டைக் கொண்டே கருக்கலைப்புச் செய்துகொண்டனர் என்பதும் உண்மை. அதை யாரும் மறைக்கவில்லை.

இவ்விடத்தில் அறநூலார் கூறும் 'உடன்பாடு' பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பிறர் செய்யும் தீமையில் நாம் எந்த அளவுக்குக் கை கொடுக்கலாம் என்பது பழைய கேள்வி. 1679இல் பாப்பரசர் பதினோராம் இன்னொசெந்த், அக்காலத்தில் வழங்கிய 65 தளர்ந்த அறக் கருத்துகளைக் கண்டித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று ஒரு வேலைக்காரனைப் பற்றியது. எசமானன் ஒரு கன்னியைக் கெடுக்கச் சாளரத்தின் வழியே ஏறுகின்றான். வேலைக்காரன் தோள் கொடுக்கின்றான், ஏணி கொண்டுவருகின்றான், கதவு திறந்துவிடுகின்றான். வேலை போய்விடும் என்னும் அச்சத்தால் செய்தால் அவன்மேல் பெரும் பாவம் இல்லை என்று சிலர் சொல்லிவந்தனர். பாப்பரசர் அதனை மறுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரியார் இவ்வேலைக்காரனை மீண்டும் அழைத்து வைத்து ஆராய்ந்தார். தீயவனுடைய எண்ணத்திலேயே பங்குகொள்பவன் ஒருவன். எண்ணத்திற் பங்கின்றி, செயலுக்கு உதவும் ஒன்றை மட்டும் செய்பவன் மற்றொருவன். முன்னது எப்போதும் ஆகாது. பின்னது, செய்யும் செயல் தன்னளவில் குற்றமற்றதாயும் தக்க காரணம் உள்ளதாயும் இருந்தால் சில வேளைகளில் பொறுக்கப்படலாம். அக்காரணம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது, உதவி தீமைக்கு எவ்வளவு அருகில் நிற்கின்றது என்பதைப் பொறுத்தது. ஏணியைச் சுவரில் சாத்துவது வேறு. ஊர்ச் சந்தையில் ஏணி விற்பது வேறு.

ஆலோசகரின் சீட்டு எந்த ஏணி? சீட்டில் கையொப்பம் இடுபவள் அப்பெண்ணின் எண்ணத்தில் பங்குகொள்ளவில்லை. அதை மாற்றவே ஒருமணி நேரம் பேசினாள். அவள் சான்று கூறுவது ஆலோசனை நடந்தது என்னும் உண்மைக்கு மட்டுமே. இவ்வாறு கூறினர் ஒரு சாரார். கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைவராயிருந்த மைன்ஸ் ஆயர் கார்ல் லேமன் இவர்களுள் முதன்மையானவர். (முன்னோர் மேற்றிராணியார் என்றனர், இக்காலத்தார் ஆயர் என்கின்றனர்.) சீட்டு இல்லாவிட்டால், கலைத்துவிடுவது என்று ஏற்கெனவே பாதி முடிவு செய்த பெண் கத்தோலிக்க நிலையத்தின் வாசலையே மிதிக்க மாட்டாள், நாம் யாரைச் சந்திக்க வேண்டுமோ அவளே வராமற் போவாள் என்பது இவர்களது வாதத்தின் உயிர்நாடி.

மறுசாரார் கூறியதும் எளிதில் தள்ளக் கூடியது அன்று. ஆலோசனை நடந்தது என்று அறிவிப்பதோடு அத்தாளின் வேலை முடியவில்லை. சட்டம் அதனைத் தண்டனையின்மைக்குத் திறவுகோலாக ஆக்கியிருக்கின்றது. கோயிலின் பெயரால் வெளிவரும் ஒரு தாள் அந்தப் பூட்டைத் திறக்குமானால், வாய் ஒன்று சொல்லக் கை வேறொன்று செய்கின்றது என்றே ஊரார் கொள்வர். புல்டா மறைமாவட்டத்தின் பேராயர் யோஹான்னஸ் டீபா 1993இலேயே தம் நிலையங்களில் சீட்டு வழங்குவதை நிறுத்திவிட்டார். கொலோன் நகரின் கர்தினால் மைஸ்னரும், உரோமையில் அப்போது விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராயிருந்து 2005இல் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கரும் இக்கருத்தினரே. இவர்களுடைய கருத்தில் அந்த 'ஷைன்' வெறுந்தோற்றம். திருச்சபை தர வேண்டியது 'ட்ஸோய்க்னிஸ்'.

1998 ஜனவரியில் பாப்பரசர் ஜெர்மனி ஆயர்களுக்கு எழுதினார். ஆலோசனைப் பணியைக் கைவிடாதீர்கள். ஆனால் இத்தகைய சீட்டுத் திருச்சபையின் நிலையங்களில் வழங்கப்படாதபடி வழி காணுங்கள் என்று வேண்டினார். ஆயர்கள் குழு அமைத்து ஆராய்ந்து, வெறும் சீட்டுக்குப் பதிலாக, அப்பெண்ணுக்குக் கிடைக்கவிருக்கும் உதவிகளையெல்லாம் எழுத்தில் உறுதி செய்யும் ஓர் 'ஆலோசனை, உதவித் திட்டம்' தரலாம் என்று 1999இல் கருத்துரைத்தனர். நல்ல யோசனை என்றே இவ்வெழுத்தாளனுக்குத் தோன்றுகின்றது. ஏனெனில் அத்தாளைக் கையில் வாங்குபவளுக்கு அதில் படிப்பதற்கு ஏதேனும் இருந்திருக்கும். ஜூன் மாதத்தில் பாப்பரசர், அத்தாளைத் தண்டனையற்ற கருக்கலைப்புக்குப் பயன்படுத்த முடியாது என்று ஒரு தொடரைச் சேர்க்கச் சொன்னார். ஆயர்கள் சேர்த்தனர். ஆனால் அத்தொடர் இருந்தாலும் சீட்டு செல்லும் என்னும் நிலையே அரசு தரப்பில் காணப்பட்டது. தாளில் ஒன்று எழுதியிருக்க, நாட்டில் வேறொன்று நடக்குமானால் குழப்பம் இருமடங்காகும் அல்லவா? அவ்வாண்டு நவம்பரில் பாப்பரசர் முடிவாக எழுதினார். 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் ஜெர்மனியின் மறைமாவட்டங்கள், ஒன்று தவிர, சீட்டு வழங்கும் முறையிலிருந்து விலகின.

அந்த ஒன்று லிம்பர்க். அதன் ஆயர் பிரான்ட்ஸ் கம்ப்ஹௌஸ், கைவிடப்படும் பெண்களையும் குழந்தைகளையும் நினைக்கையில் தம் மனச்சாட்சி விலக இடந்தரவில்லை என்றார். பாப்பரசர் 2002 மார்ச்சில் இவ்வொரு பொறுப்பை மட்டும் அவரிடமிருந்து எடுத்து, துணை ஆயரிடம் ஒப்படைத்தார். கம்ப்ஹௌஸ் ஆயர் பதவியில் நீடித்தார், 2007இல் ஓய்வு பெற்றார், 2024இல் மறைந்தார். கீழ்ப்படிதலும் மனச்சாட்சியும் மோதும்போது ஒருவரை ஒருவர் அவமதியாமல் முடிவு காண இயலும் என்பதற்கு இது அருமையான நிகழ்ச்சி.

பொதுநிலைக் கத்தோலிக்கர் சிலர் வேறு வழி கண்டனர். 1999 செப்டம்பரில் அவர்கள் 'டோனும் வீத்தே' என்னும் சங்கத்தை நிறுவினர். உயிரென்னும் கொடை என்பது அதன் பொருள். 1987இல் ராட்சிங்கரின் பேராயம் கருவின் மாண்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்கும் இதுவே பெயர் என்பது வேடிக்கையாயினும் தற்செயல் அன்று. நாங்களும் அதே போதனையைச் சேர்ந்தவர்களே என்பதை அவர்கள் அப்பெயராலேயே உரைத்தனர். அச்சங்கம் அரசுச் சட்டப்படி சீட்டு வழங்கி ஆலோசனை நடத்துகின்றது; இன்று அதற்கு 200க்கு மேற்பட்ட இடங்களில் நிலையங்கள் உள. ஆயர்கள் 2006இல் அச்சங்கம் திருச்சபைக்கு வெளியே நிற்பது என்று வரையறுத்தனர். 2018இல் பேரவைத் தலைவர் கர்தினால் மார்க்ஸ், பொதுநிலையினர் மத்தியக் குழுவின் தலைவருக்கு எழுதிய மடலில் அச்சங்கத்தாரின் தொண்டை மதித்துப் பேசினார். பழைய கசப்பு ஓரளவு தணிந்தது.

இச்சொற்போரில் ஒரு குறை கண்ணில் உறுத்துகின்றது. மடல்கள் உரோமைக்கும் மைன்ஸுக்கும் இடையே பறந்தன. எழுதியவரும் பெற்றவரும் ஆண்கள். ஆலோசனை அறையில் இருந்தவர்களோ பெரும்பாலும் பெண்கள். ஒருத்தி அழும்போது என்ன சொல்லலாம், எதைச் சொல்லாமல் இருக்கலாம், அவளை அழைத்து வந்த ஆடவனை எப்போது வெளியே அமரச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பல்லாண்டுகளாகக் கற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய அனுபவம் மடல்களின் ஓரத்தில்தான் இடம் பெற்றது. உரோமையின் வாதம் சான்று என்னும் அளவில் நேரானது. கோயில் முத்திரை அந்தப் பூட்டைத் திறக்கலாகாது என்பதை மறுப்பது கடினம். ஆயினும் லேமன் அஞ்சியதும் நடந்தது. சீட்டு நின்றபின், மனப்போராட்டத்தோடு கத்தோலிக்க நிலையங்களைத் தேடி வரும் பெண்களின் தொகை மிகவும் குறைந்தது. பிற உதவிகளை நாடி வருவோர் தொகையோ பெரிதாகவே இருந்தது. சீட்டு வழங்காத இந்நிலையங்களுக்கும் அரசு நிதி பெறும் உரிமை உண்டு என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தமையால் அவை மூடப்படாமல் நிலைத்தன.

அப்பிற உதவிகள் யாவை என்பதுதான் செய்தித்தாள்களில் இடம் பெறாத பகுதி. கருவிலுள்ள குழந்தையைக் காப்பது என்றால் அன்றாட வாழ்வில் அது வாடகை, கடன், தொட்டில், வேலை, கணவன், மாமியார் என்று பிரிந்து நிற்கும். 1984இல் 'தாயும் சேயும்: பிறவாத உயிரின் பாதுகாப்பு' என்னும் பெயரில் ஒரு கூட்டாட்சி அறநிதி நிறுவப்பட்டது. ஆண்டுக்கு 9 கோடி யூரோவுக்கு மேல் அரசு அதற்கு ஒதுக்குகின்றது. கருவுற்ற ஏழைப் பெண் ஆலோசனை நிலையத்தின் வழியாக, குழந்தை பிறப்பதற்கு முன்னரே, விண்ணப்பிக்க வேண்டும். பேறுகால உடை, குழந்தைக்குரிய முதற்பொருள்கள், வீடு மாற்றும் செலவு ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்கும். அப்பணத்தைக் காட்டி வேறு அரசு உதவியைக் குறைக்க முடியாது என்பது முக்கியமான விதி. சீட்டு வழங்காத கத்தோலிக்க நிலையங்களிலும் இவ்விண்ணப்பம் எழுதித் தருகின்றனர். எனவே அவ்வறையில் இப்போதும் தாள்கள் நிரப்பப்படுகின்றன.

தொழிற்சட்டமும் இப்பணியில் பங்குகொள்கின்றது. பேறுக்கு முன் ஆறு வாரமும் பின் எட்டு வாரமும் பாதுகாப்புக் காலம். கருவுற்ற நாள் முதல் பேறு கழிந்து நான்கு திங்கள் வரை வேலை நீக்கம் செய்யலாகாது. குழந்தை மூன்று வயது நிறையும்வரை பெற்றோருள் எவரும் விடுப்புக் கோரலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு பிரிவு உண்டு. மூன்று வயதுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 1996 முதல் பாலர் பள்ளியில் இடம் பெறும் உரிமையை அது வழங்கியது. கருக்கலைப்பைப் பற்றிய சட்டத்திற்குள் பாலர் பள்ளி எப்படி வந்தது என்று ஆசிரியர்கள் வியக்கலாம். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்னும் கேள்விக்கு விடை தெரியாத பெண்ணிடம் உயிரின் மாண்பைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை என்பதை அன்றைய நாடாளுமன்றம் உணர்ந்திருந்தது.

கத்தோலிக்கச் சங்கங்கள் இவற்றோடு தாய்சேய் இல்லங்களை நடத்துகின்றன. பெற்றோர் வெளியேற்றிய இளம்பெண் கருவுற்ற நிலையில் அங்கே வந்து தங்கி, குழந்தை பிறந்தபின்னும் சில காலம் இருந்து, பள்ளிப்படிப்பையோ தொழிற்பயிற்சியையோ முடிக்கலாம். குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை ஆலோசனையும் தொடரும். பேறு முடிந்த அன்றே விடைபெற்றுக்கொள்ளும் உதவியை விட இது எவ்வளவோ மேல்.

இச்சட்டங்களை மாற்ற வேண்டும் என்னும் குரல் ஓயவில்லை. அரசு அமைத்த வல்லுநர் குழு 2024 ஏப்ரலில், தொடக்க வாரங்களில் கருக்கலைப்பைச் சட்டத்திற்கு உட்பட்டதாகவே ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆயர்கள் எதிர்த்தனர். அவ்வாண்டு நவம்பரில் உறுப்பினர் சிலர் கொணர்ந்த மசோதா, 2025 பிப்ரவரித் தேர்தலுக்கு முன் வாக்கெடுப்புக்கு வராமலே போயிற்று.

2014 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த 'மறைபேறு' என்னும் ஏற்பாட்டை மட்டும் இன்னும் சொல்ல வேண்டும். கருவுற்றதை வீட்டாரிடமோ ஊராரிடமோ சொல்ல முடியாத பெண் ஒருத்தி ஆலோசகரை நாடுகின்றாள். ஆலோசகர் அவளைத் தனக்கென ஒரு புனைபெயரைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுகின்றார். குழந்தைக்கு எப்பெயர் விருப்பம் என்றும் கேட்டுக்கொள்கின்றார். மருத்துவமனையில் அவள் அப்புனைபெயரிலேயே மருத்துவரின் துணையோடு பிள்ளை பெறலாம். செலவை அரசு ஏற்கும். அவளது உண்மைப் பெயரும் முகவரியும் எழுதிய தாள் ஓர் உறையில் இட்டு முத்திரை வைக்கப்பட்டுக் கூட்டாட்சி அலுவலகம் ஒன்றிற்கு அனுப்பப்படுகின்றது. குழந்தை பெரும்பாலும் தத்து கொடுக்கப்படும். தாய் மனம் மாறினால், தத்து முடிவதற்குள் திரும்பப் பெறவும் வழி உண்டு. பிள்ளைக்கு 16 வயதானபின் அவ்வுறையைத் திறந்து பார்க்கும் உரிமை பிள்ளையுடையது. தன் பெயர் வெளிப்பட்டால் தனக்கு ஆபத்து என்று தாய் முன்னதாகவே அறிவித்திருந்தால், எவருடைய நலன் பெரிது என்பதைக் குடும்ப நீதிமன்றம் முடிவு செய்யும். முதன்முதல் அவ்வாறு பிறந்த குழந்தைகளுக்கு 2030இல் அவ்வயது நிரம்புகின்றது.